தடைக்காலத்து மலைகள்

எங்கள் தீவில் மேடு என்று சொல்லிக்கொள்ள இரண்டே இடங்கள்தான். ஒன்று ராமேஸ்வரத்தில் இருக்கும் கந்தமாதன பர்வதம். பேர்தான் பர்வதம். சைக்கிளை மிதித்து வியர்ப்பதற்குள் உச்சி வந்துவிடும். இன்னொன்று பாம்பன் ரோட்டுப் பாலம். நானும் என் வீட்டுக்காரரும் மலையேறப் பழகியது அந்தப் பாலத்தில்தான். விடியும்போது அக்காள்மடத்திலிருந்து சைக்கிளில் கிளம்பி, பாலத்தில் ஏறி மண்டபம் பக்கம் இறங்கி, திரும்பவும் ஏறி இந்தப் பக்கம் இறங்குவோம். டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார்கள்.

அவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். இரண்டு மாதத்துக்குப் பெரிய படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, வலையைக் கட்டி முடித்துவிட்டால் பிறகு வேலை கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். எனக்கும் அப்போதுதான் கோடை லீவு. வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் பகலில் வீட்டில் சேர்ந்து இருப்பது அந்த நாட்களில் மட்டும்தான்.

சைக்கிள் ஆசை அவருக்கு வந்தது ஒரு வடக்கத்திக்காரரால். நாடு முழுக்கச் சுற்றிவிட்டு அரிச்சல்முனையில் பயணத்தை முடித்தவர் அவர். சைக்கிளைத் திரும்பக் கொண்டுபோக வழியில்லாமல் பாம்பனில் விற்க நின்றார். ஒல்லி டயர், வளைந்த ஹேண்டில், பின்னால் அடுக்கடுக்காகக் கியர் பல்சக்கரம். என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனாலும் அந்த மனிதர் போனில் இருந்த படங்களைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தனையும் மலை ரோடு. கடல் படம் ஒன்றுகூட இல்லை. அன்று சாயங்காலம் சைக்கிளோடு வீட்டுக்கு வந்தவர், "இம்புட்டுத் தூரம் வந்து கடலைப் பாத்துட்டு, மலையத்தான் காட்டுறாரு" என்று சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

மலையைப் பற்றி அவருக்கு இருந்த ஞாபகம் ஒன்றே ஒன்றுதான். சின்ன வயசில் பங்குக் கோயிலிலிருந்து வேன் வைத்துக் கொடைக்கானல் போனபோது வழிநெடுக வாந்தி எடுத்தார். புயலில் படகு தலைகீழாக ஆடினாலும் சோறு தின்பவருக்கு மலை ரோட்டில் வயிறு தாங்கவில்லை. நானும் மலைக்காரி இல்லை. நான் பிறந்தது நயினார்கோவில் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் நெல், இல்லையென்றால் மிளகாய். நின்ற இடத்தில் திரும்பிப் பார்த்தால் நாலு ஊர்க் கண்மாய்க்கரையும் தெரியும். அவ்வளவு சமதளம்.

அடுத்த வருசம் மதுரையிலிருந்து எனக்கும் ஒரு பழைய கியர் சைக்கிள் வாங்கி வந்தார். அதன் பிறகு வந்த தடைக்காலத்தில்தான் சிறுமலைக்குப் போவது என்று முடிவு செய்தோம். திண்டுக்கல் பக்கம் இருக்கிற மலை. கூட்டம் இருக்காது, பஸ்ஸும் எப்போதாவதுதான் வரும், ரோடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். ரயிலில் போகலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்தால் மலை உச்சியில்தான் இறங்க வேண்டும் என்றார்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. நான் பிறந்த ஊர் வழியில் இருக்கிறது.

எங்களுடையது நாங்களே முடிவு செய்த கல்யாணம். அவர் கிறிஸ்தவர். சாமியும் வேறு, சாதியும் வேறு. தன் அக்கா மகளைக் கூப்பிட எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோனவரை நான் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, என்னைப் பெற்ற அய்யா சத்தம் போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு அம்மா வந்தாள். அய்யா வரவில்லை. அதற்கப்புறம் நான் ஊருக்குப் போனால் என்னிடம் பேசுவார், சாப்பிட்டாயா என்பார், பஸ் ஏற்றிவிடுவார். என் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இரண்டு தடவை அவரும் என்னோடு வந்திருக்கிறார். அய்யா அவர் முகத்தைப் பார்த்து ஒரு சொல் பேசியதில்லை.

"சுத்திப் போயிருவமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? ஊரைத் தாண்டித்தான போறோம். தங்கச் சொன்னாத் தங்குவோம். இல்லைன்னா பரமக்குடியில லாட்ஜ் இருக்கு" என்றார்.

முதல் நாள் வெயில் சாயும் நேரத்தில் அய்யா வீட்டு வாசலில் போய் இறங்கினோம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். அய்யா வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து என் சைக்கிளைப் பார்த்தார். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். "ஏத்தா, இது தாங்குமா?" என்றார் என்னிடம். தாங்கும் என்றேன். "எங்க போறீக?" என்றார். சிறுமலை என்றேன். உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சாப்பிடும்போது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். "ரசம் ஊத்தச் சொல்லு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அய்யா. ரசம் அவருக்கு இல்லை, எதிரே இருந்தவருக்கு. "போதும்னு சொல்லு" என்று இவரும் என்னைப் பார்த்தே சொன்னார். நடுவில் நான் தபால்காரி மாதிரி நின்றேன். அம்மா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள்.

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்னால் கிளம்பிவிட்டோம். அம்மா மட்டும் வாசலில் நின்றாள். பரமக்குடியில் டீக்கடை ஒன்றில் நிறுத்தினோம். தறிச் சத்தம் தெருவுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. நான் டீயைக் கையில் வாங்கும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் அய்யாவின் பழைய மொபெட் நின்றது. அய்யா அதன்மேல் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு தண்ணீர் கேன். பின்னால் சாக்குப் பை.

நான் ரோட்டைக் கடந்து போனேன். "என்னய்யா?"

"உரம் வாங்க வந்தேன்" என்றார்.

சித்திரையில் எங்கள் பக்கம் எவனும் உரம் வாங்க மாட்டான். உழவே ஆவணிக்கு மேல்தான். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.  டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்.

மானாமதுரை தாண்டிப் பாலத்து நிழலில் ஒதுங்கியபோதும் மொபெட் பின்னால் நின்றது. திருப்புவனத்தில் நாங்கள் இளநீர் குடித்தபோது அவரும் தனியாக ஒரு இளநீர் வாங்கிக் குடித்தார். மதுரைக்குள் நுழைந்ததும் பக்கத்தில் வந்து, "இங்கன நம்ம சொந்தக்காரக வீடு இருக்கு, பாத்துட்டு வாரேன்" என்று ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டார். சரி, போய்விட்டார் என்று நினைத்து நாங்கள் லாட்ஜில் தங்கினோம். விடிந்து நத்தம் ரோட்டில் ஏறினால் ஒரு புளியமரத்தடியில் நிற்கிறார். இந்த முறை அழகர் கோயிலுக்கு வேண்டுதல் என்றார். அழகர் கோயிலுக்குப் போகிற ரோடு தனியாகப் பிரிந்து போய் நெடுநேரம் ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "வெயில்ல தலையில துண்டு கூடக் கட்டல, சொல்லு" என்றார். நான் போய்ச் சொன்னேன். அய்யா துண்டைக் கட்டிக்கொண்டார்.

நத்தத்தில் மாம்பழக் காலம். பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாம் கூடை கூடையாகப் பழம். நாங்கள் அங்கே தங்கினோம். அய்யா கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"எதுக்குய்யா பின்னாலயே வாரீக?"

அவர் மாம்பழத்தின் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். "நம்ம பக்கத்துல ஏத்தம் எறக்கம் பாத்தவுக எவரு? மலையில போயி எறக்கத்துல வண்டி பிடிச்சு நிக்கலைன்னா என்ன செய்வீக? பின்னால ஒருத்தன் வரணுமில்ல" என்றார். பிறகு, "உங்க ஆத்தாதான் போகச் சொன்னா" என்று சேர்த்துக்கொண்டார்.

அம்மாவுக்கு போன் போட்டேன். "நான் எங்கடி போகச் சொன்னேன்? உங்க பின்னாலயே வண்டியை எடுத்துக்கிட்டுப் போன மனுசன், ராத்திரி வீட்டுக்கும் வரல. நானே உன்கிட்டத்தான் கேக்கணும்னு இருந்தேன், எங்க இருக்காரு?" என்றாள்.

சிறுமலை ஏறியது மறுநாள் காலையில். திண்டுக்கல் ரோட்டிலிருந்து பிரிந்து செக்போஸ்டைத் தாண்டினதும் ரோடு நிமிர ஆரம்பித்தது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டு மஞ்சள் போர்டு வைத்திருந்தார்கள். பாலத்தில் பழகியது முதல் வளைவுக்குள்ளேயே தீர்ந்துபோனது. பாலத்தில் மேடு கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இங்கே முடியவே இல்லை. எங்களுக்குத் தெரிந்த எதிரி காற்று ஒன்றுதான். ஆடி மாசக் கச்சான் காற்று அடித்தால் சமதளத்திலேயே சைக்கிள் நகராது. குனிந்து, பல்லைக் கடித்து, மிதிப்போம். இங்கே காற்றே இல்லை. இலைகூட அசையவில்லை. என் மூச்சுச் சத்தமும் செயின் சத்தமும் மட்டும் கேட்டது. எப்போதும் கடலோ காற்றோ காதில் இரைந்துகொண்டே இருக்கும் ஊரில் இருந்து வந்தவளுக்கு அந்த அமைதி முதலில் பயமாக இருந்தது. நாலாவது வளைவுக்குப் பிறகு பிடித்துப் போனது. சின்னக் கியரில் போட்டு நடக்கிற வேகத்தில் மிதித்தேன். எங்கேயோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் எனக்கு முன்னால் போய்விட்டார். அய்யா எனக்குப் பின்னால். மொபெட் இருமிக்கொண்டே வந்தது. ஆறாவது வளைவில் கருகல் வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தேன். வண்டி நின்றுபோய், அய்யா வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீர் கேனோடும் சாக்குப் பையோடும் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் இறங்கித் திரும்புவதற்குள் மேலே இருந்து பிரேக் கிறீச்சிடும் சத்தம். மேல் வளைவிலிருந்து என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். சைக்கிளை அங்கேயே பாறையோரம் சாய்த்துவிட்டுச் செருப்பில்லாத காலோடு ஓடி வந்தார்.  

வந்தவர் ஒன்றும் கேட்காமல் மொபெட்டின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். அய்யா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.  நான் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். பிறகு அய்யா திரும்பாமலே சொன்னார்:

"சைக்கிளை அங்கன விட்டுட்டு வந்துட்டீக. எவனாச்சும் தூக்கிட்டுப் போயிறப் போறான்."

அத்தனை வருசத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. என் வீட்டுக்காரர் தள்ளுவதை நிறுத்தாமல், "குரங்குதான் மாமா இருக்கு. அது கியர் போடாது" என்றார்.

அய்யா சிரிக்கவில்லை. கொஞ்சம் நடந்த பிறகு, "போட்டாலும் போடும்" என்றார்.

எஞ்சின் ஆறட்டும் என்று எட்டாவது வளைவில் உட்கார்ந்தோம். அங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். ரோட்டின் வெளிப்பக்கம் தடுப்புச் சுவர், அதற்குக் கீழே பள்ளம், அதற்கப்பால் வெயிலில் கிடக்கும் சமவெளி. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. நான் மட்டும்தான் சுவரோரம் நின்று பார்த்தேன். ஆண்கள் இரண்டு பேரும் பாறைப் பக்கமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்து பாருங்க" என்றேன்.

"இங்கனருந்தே தெரியுது" என்றார் என் வீட்டுக்காரர்.

அய்யா அவரைப் பார்த்தார். "தலை சுத்துதா?"

"ஆமா மாமா. கீழ பாத்தா வயித்தைப் பெரட்டுது."

"எனக்குந்தான்" என்றார் அய்யா. "கடல்ல இருக்குற ஆளுக்குப் பயம் இருக்காதுன்னுல்ல நெனச்சேன்."

"கடல்ல ஆழம் கண்ணுக்குத் தெரியாது மாமா. இது தெரியுது."

அய்யா சாக்குப் பையைப் பிரித்தார். புளிச்சோறும் வறுத்த கருவாடும்.  ஊருக்குக் கருவாடு கொண்டுபோனால் அய்யா தொடமாட்டார் என்று நான் கொண்டுபோவதையே விட்டிருந்தேன். நத்தம் சந்தையில் வாங்கி, எந்தக் கடையிலோ சொல்லி வறுத்து வாங்கியிருக்கிறார். இலையை அவர் பக்கமாக நகர்த்தினார். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்து, "இது நம்ம பக்கத்துச் சரக்கு இல்ல மாமா. உப்பு சாஸ்தி" என்றார். "ஆனா வறுத்த பதம் நல்லாருக்கு" என்று சொல்லி முழுவதையும் தின்றார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அய்யா கேட்டார். "கல்யாணத்துக்கு நான் வரலைன்னு உங்களுக்கு வருத்தமா?"

 இல்லை மாமா என்று அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"வருத்தந்தான் மாமா" என்றார். "கோயில்ல மொத வரிசையில உங்களுக்கு எடம் போட்டு வச்சிருந்தேன். கடைசி வரைக்கும் அதுல யாரையும் உக்கார விடல."

அய்யா தலையை ஆட்டினார். தண்ணீர் கேனின் மூடியைத் திருகி மூடினார். ரொம்ப நேரம் திருகினார். "சரி, ஏறுவம்" என்றார்.

மேலே இருந்த வளைவுகளில் முறை வைத்துக்கொண்டோம். கொஞ்சம் மொபெட் தானாக ஓடும், கொஞ்சம் அய்யா இறங்கித் தள்ளுவார். நான் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். பதினெட்டாவது போர்டைப் பார்த்ததும் காலைக் கீழே ஊன்றி நின்றேன்.  கீழே, மரங்களுக்கு நடுவில், ஒருவர் உருட்டும் சைக்கிளும் ஒருவர் உருட்டும் மொபெட்டும் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தன. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

மேலே ஒரு சின்னக் கடையில் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். கடைக்காரம்மா எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அய்யா, "ராமேஸ்வரத்துலருந்து. எம் மகளும் மருமகனும் மிதிச்சே வந்துருக்காக" என்றார். நயினார்கோவில் என்று அவர் சொல்லவில்லை. மலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி, அதில் ஒன்றை உரித்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

இறக்கத்தில் அய்யாதான் முன்னால் போனார். எஞ்சினை அணைத்துவிட்டு, துண்டு பறக்க, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பிடித்து விட்டார். ஒவ்வொரு வளைவிலும் கையைத் தூக்கி எங்களை மெதுவாக வரச் சொல்வார். அப்புறம் வளைவுக்குள் மறைந்துவிடுவார்.

அதன் பிறகு வந்த தடைக்காலம் எல்லாம் மூன்று பேருக்குமான தடைக்காலம் ஆனது. பங்குனியிலேயே போன் வந்துவிடும். முதலில் என்னிடம் பேசுவார், பிறகு "மாப்ளகிட்டக் குடு" என்பார். பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் டிரைவர், கண்டக்டர்களிடம் எந்த மலையில் ரோடு நன்றாக இருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருப்பார். பச்சைமலைக்குப் போனோம். கொல்லிமலைக்குப் போனபோது வளைவுகளை எண்ணிப் பார்த்துவிட்டு மொபெட்டை அடிவாரத்தில் ஒரு கடையில் ஒப்படைத்து, பஸ்ஸில் ஏறி, பஸ் ஜன்னலில் இருந்து எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனார். ஒரு மழைநாளில் மூன்று பேரும் ஒரு பலாமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றோம். கடலில் மழை வருவதை எப்படி முன்னாலேயே பார்ப்போம் என்று அவர் சொல்ல, வயலில் எப்படிப் பார்ப்போம் என்று அய்யா சொல்ல, இரண்டு பேருமே அன்றைய மழையைப் பார்க்கத் தவறியதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் ரோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எந்த மலையில் மிளகுக் கொடி, எந்த மலையில் சில்வர் ஓக் மரம் என்று மறந்துபோகிறது. அவர்கள் இரண்டு பேரும் வளைவுகளில் பாறை ஓரமாக உட்கார்ந்திருந்தது மட்டும் மறக்கவில்லை. எத்தனை மலை ஏறியும் இரண்டு பேரும் ஒருமுறைகூடச் சுவரோரம் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

போன வருசம் அய்யாவுக்குக் கண் ஆபரேசன் நடந்தது. அதோடு வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். சர்க்கரையும் கூடி, கால் வீங்கிக்கொண்டே இருக்கிறது. இந்தத் தடைக்காலத்தில் போக வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அய்யா விடவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. வந்து சொல்லுங்க" என்றார்.

சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறினோம். இதுவரை ஏறியதிலேயே அழகான ரோடு அதுதான். மேலே போனதும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ரோடு வளைந்து வளைந்து போனது. மணிக்கணக்கில் வண்டியே வரவில்லை. பேசிக்கொண்டே மிதித்தோம். பாதி வழியில் அவர் நின்று பின்னால் பார்த்தார். ஒன்றுமில்லை என்று திரும்ப மிதித்தார்.  அந்த ஏற்றத்தில் எங்களுக்கு மூச்சு வாங்கவே இல்லை, அவ்வளவு பழகியிருந்தோம். அதுவும் ஏனோ நன்றாக இல்லை.

திரும்பும்போது ஊரில் இறங்கினோம். அய்யா உள்ளே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும், "வாங்க மாப்ள, கீழருந்து ஆரம்பிங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கடலில் என்ன நடந்தது என்று கேட்டாலே இரண்டு வார்த்தைதான் வரும். அன்றைக்கு அடிவாரத்து டீக்கடையில் ஆரம்பித்தார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பேரை வைத்து போர்டு எழுதியிருக்கிறார்கள் என்றார். என்ன பூ என்று அய்யா கேட்டார். அவருக்கு மூன்று பூதான் ஞாபகம் இருந்தது. மிச்சத்தை நான் சொன்னேன். எந்த வளைவில் ரோடு உடைந்திருந்தது, எங்கே யானைச் சாணம் கிடந்தது, எங்கே குளிர ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அய்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று அவர் நிறுத்தினால், "ம், அப்புறம்?" என்பார்.

அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். அவர்கள் பன்னிரண்டாவது வளைவில் இருந்தார்கள். மூன்றாவது தடவை கூப்பிடாமல், இரண்டு தட்டிலும் சோற்றைப் போட்டு அங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.